மாங்குளத்தைத் தேடிய படங்கள்: வன்னி வாழ்வு திரையில் முழுமை பெறாத கதை

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைக்கு வந்தது. எட்டு நாள் கழித்து, பெப்ரவரி 22இல், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8ஆம் திகதி ஏ-9 வீதி பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறந்தது. படத்தில் அமுதா என்ற ஒன்பது வயதுச் சிறுமி தன்னைப் பெற்றவளைத் தேடிப்போகும் ஊர் மாங்குளம். படம் வந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே, வவுனியாவிலிருந்து யாரும் அந்த மாங்குளத்துக்குப் போய் இறங்கலாம் என்றாகிவிட்டது. அடுத்து வந்த நான்கு ஆண்டுகள் வன்னிக்குள் கமெராவோடு நுழையக் கிடைத்த அரிய காலம். அந்தக் காலமும் அதற்குப் பின் வந்த காலமும் தமிழ்த் திரைக்கு எதைக் கொடுத்தன என்று கணக்குப் பார்த்தால் மனம் கனக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் வாழ்க்கையைத் தொட்ட படங்கள் பல. தேசிய விருது வாங்கிய படம் உண்டு, கான் விழாவில் முதற்பரிசு வாங்கிய படமும் உண்டு. ஆனால் கையில் இருந்த பொருளின் கனத்துக்கு ஈடாக அவற்றில் ஒன்றும் நிமிரவில்லை. திறமைக் குறைவையோ பணக் குறைவையோ இதற்கு முதற்காரணமாக என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் படங்களை எடுத்தவர்கள் மனதில் இருத்திய பார்வையாளர் வேறு ஊர்க்காரர். சென்னைக் குடும்பத்துக்கும், ரொறன்ரோ மண்டபத்தில் கூடும் புலம்பெயர் தமிழருக்கும், பாரிஸ் திரையரங்கில் இருப்பவருக்கும் படம் எடுக்கப்பட்டது. மாங்குளத்துச் சனம் படத்தின் பொருளாக இருந்தார்களே தவிர, அதைப் பார்க்கப்போகிறவர்களாக எண்ணப்படவில்லை. எது சொல்லப்பட வேண்டும், எது விடப்படலாம், எங்கே முடிக்கலாம் என்பதையெல்லாம் இந்த ஒரு விடுபடலே தீர்மானித்தது.

அமுதாவின் ஊர்

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ குறைத்து மதிப்பிடத்தக்க படம் அன்று. ஏ.ஆர். ரஹ்மானின் இசை, வைரமுத்துவின் பாடல், ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பு, குழந்தை நட்சத்திரம் கீர்த்தனாவின் நடிப்பு என எல்லாவற்றுக்கும் தேசிய விருது கிடைத்தது. சென்னை வீட்டுக்குள் நடக்கும் பகுதிகள் அவ்வளவு நுணுக்கமானவை. பிறந்தநாளன்று, தான் வளர்ப்பு மகள் என்று அமுதாவுக்குச் சொல்லப்படுகிறது. அதன் பிறகு வளர்ப்புத் தாய் இந்திராவின் முகத்தில் சிம்ரன் காட்டும் பயத்தையும் கோபத்தையும் மறக்க முடியாது.

படம் கடல் கடந்ததும் அந்த நுணுக்கம் குறையத் தொடங்குகிறது. படப்பிடிப்பு நடந்த 2001ஆம் ஆண்டு வாக்கில் உண்மையான மாங்குளம் எப்படி இருந்தது? ஏ-9 வீதியில் முல்லைத்தீவுக்குப் பாதை பிரிகிற சந்தி அது. 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின்போது, 1998 செப்டெம்பர் இறுதியில், இராணுவம் அதைப் பிடித்தது. 1999 நவம்பரில் மறுபடியும் புலிகளிடம் வந்தது. ஒரே சந்தி பத்து ஆண்டுக்குள் மூன்று முறை கைமாறியிருக்கிறது. அந்தப் பத்து ஆண்டிலும் அங்கே ரயில் வரவில்லை, மின்கம்பியில் மின்சாரம் ஓடவில்லை. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் பற்றரிக்கும் தடை இருந்தது.

படத்தின் மாங்குளம் நீரும் பச்சையும் நிறைந்த ஓர் அழகிய ஊர். போர் அந்த அழகின் மேல் திடீரென்று வந்து விழுகிறது. உண்மையான வன்னி உலர்வலயம். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு, மாரியில் நிரம்பி ஆடியில் வற்றும் குளம், குளத்தை நம்பிய வயல். அங்கே அழகு என்பது தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போவது. போரும் ஒருநாள் வந்து விழுந்த ஒன்றாக இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போவதைப் போல, விதைப்பதைப் போல, சனம் தங்கள் நாட்களை அதைச் சுற்றி அடுக்கிக்கொண்டார்கள். இடம்பெயரும்போது வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போய் இறங்கிய இடத்தில் அதே தகரம் மறுபடியும் கூரையாயிற்று. வீட்டைவிட்டுப் போகிறவர்கள் வீட்டையும் கொண்டுபோன இந்தச் செய்கையில் ஒரு முழுப் படத்துக்கான நாடகம் இருக்கிறது. ஊரைவிட்டு நீங்கும் சனத்தை மணிரத்னமும் நீண்ட வரிசையாக, பாட்டோடு காட்டுகிறார். பார்க்கிறவருக்குத் துயரம் தெரிகிறது. அந்தச் சனம் எப்படிப் பிழைத்தார்கள் என்பது தெரிவதில்லை.

தாயும் மகளும் சந்திக்கும் இறுதிக் காட்சி படத்தின் உச்சம். நந்திதா தாஸ் நடித்த ஷியாமா, தன் குழந்தையை இராமேஸ்வரம் முகாமில் விட்டுவிட்டுப் போராட்டத்துக்குத் திரும்பிய பெண். மகள் கேள்விக்குமேல் கேள்வியாகக் கேட்கிறாள். தாயிடம் பதில் இல்லை. அமைதி வரும் நாளில் வா என்கிறாள். அந்தக் காட்சி யாரையும் அழவைக்கும். ஆனால் அதுவரை படம் ஷியாமாவோடு எவ்வளவு நேரம் இருந்தது? தொடக்கத்தில் மணமகளாக, பிறகு கர்ப்பிணி அகதியாக, கடைசியில் ஆயுதம் ஏந்தியவளாக மூன்று தோற்றங்களில் வந்துபோகிறாள். நடுவில் கழிந்த ஒன்பது ஆண்டுகள் அப்படியே காலியாக இருக்கின்றன.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். கதைப்படி அமுதா பிறந்தது ஏறக்குறைய 1992இல். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகச் செஞ்சோலை இல்லம் தொடங்கப்பட்டது 1991இல். கடல் கடக்காமல் இருந்திருந்தால் அமுதா அப்படியொரு இல்லத்தில்தான் வளர்ந்திருப்பாள். தாய் உயிரோடு இருந்தும் தாயில்லாமல் வளர்வது வன்னியில் பல பிள்ளைகளின் நாளாந்த வாழ்க்கை. மணிரத்னத்தின் கை அந்த உண்மையின் கதவு வரை போயிற்று. கதவைத் திறக்காமல், சென்னை வீட்டுக்குத் திரும்பும் வழியைப் படம் பார்த்துக்கொண்டது.

உள்ளிருந்து எழுந்த கமெரா

அப்படியானால் வன்னிக்குள்ளேயே எடுத்த படங்கள் அந்தக் கதவைத் திறந்தனவா?

மின்சாரம் இல்லாத வன்னியில் சினிமா முற்றாக நின்றுவிடவில்லை. ஜெனரேற்றரை இழுத்து இயக்கி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஊரே கூடியிருந்து படம் பார்த்த காலம் அது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு போர்முனைகளைப் பதிவுசெய்ததோடு குறும்படங்களையும் முழுநீளப் படங்களையும் எடுத்தது. ‘திசைகள் வெளுக்கும்’, ‘கடலோரக் காற்று’ போன்ற படங்களைத் தந்த ந. கேசவராஜன் அந்தச் சூழலின் முக்கியமான இயக்குநர். சாதாரண வீடியோ கமெராவும், கிடைத்த விளக்கும், சம்பளம் எதிர்பாராத நடிகர்களும்தான் அவருடைய முதல். போர் முடிந்தபின்னும் அவர் விடவில்லை. ‘பனைமரக்காடு’ எடுத்தார். 2021 ஜனவரியில் காலமானார்.

இந்தப் படங்களில் முகங்கள் உண்மையானவை, பேச்சு உண்மையானது, மண் உண்மையானது. தமிழகத்திலோ பிரான்சிலோ எவ்வளவு பணம் கொட்டினாலும் வாங்க முடியாதவை இவை. ஆனால் கதை போய்ச் சேரவேண்டிய இடம் முதலிலேயே எழுதப்பட்டிருந்தது. தயங்குகிறவர் தெளிய வேண்டும், தெளிந்தவர் போராட்டத்தில் இணைய வேண்டும். பிள்ளையை அனுப்ப மறுத்த தாய், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து காட்டில் ஒளிந்த பொடியன், வன்னிக்குள்ளேயே இருந்த சாதி, யாழ்ப்பாணத்தவருக்கும் வன்னியாருக்கும் இடையே இருந்த மனக்கசப்பு ஆகியவற்றை ஓர் இயக்கத்தின் படப்பிரிவு தன் சொந்தக் குரலில் பேசுவது நடவாத காரியம். பார்வையாளர் இங்கே வன்னிச் சனம்தான். ஆனால் பார்த்துவிட்டு ஒரே முடிவுக்கு வரவேண்டிய பார்வையாளர். பார்வையாளரை நம்பாத படம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சமாதான காலத்தில் இயக்குநர் மகேந்திரன் வன்னிக்கு வந்து இளைஞர்களுக்குத் திரைப்படப் பயிற்சி கொடுத்தார். ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தவர் வன்னியில் வகுப்பெடுத்தார் என்பது ஈழத் திரை வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. அவருடைய மகன் ஜான் இயக்கிய ‘ஆணிவேர்’ வன்னியிலேயே படமாகி 2006இல் வந்தது. நந்தா மருத்துவராகவும் மதுமிதா தமிழகத்திலிருந்து வரும் பத்திரிகையாளராகவும் நடித்தார்கள். வன்னிக் காடும் வீதியும் சனமும் முழுநீளத் தொழில்முறைப் படம் ஒன்றில் தாங்களாகவே தோன்றியது பெரிய பேறு. ஆனால் நடந்த கொடுமைகளை வெளியுலகுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற அவசரம் படத்தை ஆண்டது. வெளியிலிருந்து வந்த ஒருத்தியின் கண்ணால் பார்த்து, வெளியே இருப்பவருக்குச் சொல்வதாகக் கதை அமைந்தது. புலம்பெயர் நாடுகளின் திரையரங்குகளில் சனம் அழுதுகொண்டு பார்த்தார்கள். அந்த அழுகை நியாயமானது. ஆனாலும் சாட்சி சொல்வதும் கதை சொல்வதும் இரண்டு வேலைகள். ‘ஆணிவேர்’ முதலாவதை நேர்மையாகச் செய்து, இரண்டாவதைப் பாதியில் விட்டது. அது வெளியான ஆண்டிலேயே போர் மறுபடி மூண்டது. மகேந்திரனின் வகுப்பில் விதைத்தது முளைக்க அவகாசம் கிடைக்கவில்லை.

வெள்ளைக் கோடு

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரம். மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. எஞ்சிய ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் போனார்கள். பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமில் அடைபட்டார்கள்.

ஆறு ஆண்டு கழித்து, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. எழுத்தாளர் ஷோபாசக்தி தீபனாக நடித்தார். சிறுவயதில் இயக்கத்தில் இருந்தவர், அகதியாகப் பாரிஸ் போனவர். அந்த முகத்துக்கு நடிப்பு தேவைப்படவில்லை. படத்தின் தொடக்கம் அபாரமானது. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டு இருக்கிறது. அதில் தாய், தகப்பன், பெண்பிள்ளை. அதற்குப் பொருந்த ஒரு பிள்ளை வேண்டும். காளீஸ்வரி சீனிவாசன் நடித்த யாழினி, முகாமுக்குள் கூட்டத்துக்கு நடுவே தாயில்லாத பிள்ளை ஒன்றைத் தேடித் திரிகிறாள். சில நிமிடங்களே வரும் காட்சி. போர் ஒரு சமூகத்துக்கு என்ன செய்தது என்பதைப் பெரிய உரைகளைவிட அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

படத்தின் நடுவில் இன்னொரு காட்சி. பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிகளில் போதைப்பொருள் கும்பல்களின் சண்டை. காவலாளி வேலை பார்க்கும் தீபன் நிலத்தில் வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு, இது சூடு நடத்தக்கூடாத வலயம் என்று அறிவிக்கிறான். பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அது ஒரு பைத்தியக்காரத் துணிவாகத் தெரிந்திருக்கும். வன்னியாருக்கு அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2009 ஜனவரி 21இல் சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது. சனம் நம்பிப் போய் ஒதுங்கினார்கள். எறிகணை அங்கேயும் விழுந்தது. பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையில் இன்னொரு வலயம். அங்கேயும் அதுவே நடந்தது. யாரோ போட்ட கோட்டை நம்பி எல்லாவற்றையும் இழந்த ஒருவன், தன் கையாலேயே ஒரு கோடு போடுகிறான். வன்னியைப் பற்றிய திரைமொழியில் இதைவிட ஆழமான ஒரு படிமத்தை நான் கண்டதில்லை.

அந்தக் கோட்டோடு என்ன செய்வது என்று படத்துக்குத் தெரியவில்லை. கடைசிப் பகுதியில் தீபன் தனியாளாகக் கத்தியும் துப்பாக்கியுமாகப் படியேறி எதிரிகளை வீழ்த்துகிறான். பிறகு இங்கிலாந்தில் வெயில் அடிக்கும் ஒரு தோட்டத்தில் குடும்பம் சுகமாக இருக்கிறது. பெக்கின்பாவின் ‘ஸ்ட்ரா டாக்ஸ்’ படம் தன் தூண்டுதல்களில் ஒன்று என்று ஓடியார் சொல்லியிருக்கிறார். அந்தத் தூண்டுதல் கடைசியில் வென்றுவிட்டது. வன்னியின் நினைவு, பழக்கமான பழிதீர்ப்புப் படம் ஒன்றின் முடிவுக்கு எரிபொருளாயிற்று. பாதுகாப்பு வலயத்தில் இருந்து தப்பிய ஒருவர் இந்த முடிவைப் பார்த்து என்ன நினைப்பார் என்ற கேள்வி படத்தை எழுதிய மேசையில் எழுந்திருந்தால், படம் வேறு இடத்தில் முடிந்திருக்கும்.

போருக்குப் பின்

போர் முடிந்தபின் வன்னிக் கதைகளைச் சொல்ல முயன்றவர்களுக்குப் புதிய சிக்கல்கள் வந்தன. செய்தி வாசிப்பாளர் இசைப்பிரியாவின் வாழ்வையும் கொலையையும் மையமாகக் கொண்ட ‘போர்க்களத்தில் ஒரு பூ’ படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் 2015இல் சான்றிதழ் மறுத்தது. இலங்கைக்குள் இராணுவக் கண்காணிப்பும் பயமும். எதைச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்குத் துரோகி என்று பெயர் வாங்கும் நிலை.

இதற்கிடையிலும் நம்பிக்கை தரும் வேலைகள் நடந்தன. லண்டனில் வாழும் புதியவன் இராசையா, போர்நிறுத்த காலத்திலேயே ‘மண்’ எடுத்து, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய மக்கள் இங்கே எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைத் தொட்டவர். வேறு எவரும் கைவைக்க விரும்பாத பொருள் அது. முன்னாள் போராளிகளின் போருக்குப் பிந்திய வாழ்வை ‘ஒற்றைப் பனைமரம்’ படத்தில் எடுத்தார். ரஞ்சித் ஜோசப்பின் ‘சினம்கொள்’, சிறை மீண்டு ஊர் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. கிளிநொச்சிக் கவிஞர் தீபச்செல்வன் அதற்கு உரையாடல் எழுதினார். ஊர்க்காரர் எழுதிய பேச்சு நடிகர் வாயில் எப்படி உட்காருகிறது என்பதற்கு அந்தப் படமே போதிய சான்று.

இந்தப் படங்கள் உரிய உயரத்தை எட்டாததற்கான காரணங்களில் பணமும் ஒன்று. ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்க வசதியில்லாதபோது நடிப்பு இறுக்கமாகிறது, ஒலி தேய்கிறது. அதைவிடப் பெரிய காரணம் விநியோகம். இலங்கைத் தமிழ்ப் படத்துக்கு உள்ளூரிலேயே திரையரங்கு கிடைப்பது அரிது. தமிழகப் படங்கள் வாரம்தோறும் இறங்குகின்றன. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்ததோடு தளர்ந்த ஈழத்துத் திரைத்தொழில் இன்னும் நிமிரவில்லை. எந்தச் சனத்தைப் பற்றி எடுத்தார்களோ அந்தச் சனத்தின் முன்னால் படம் ஓடாமலே போய்விடுகிறது. ஓடாத படம் திருந்தவும் வழியில்லை. ‘இப்பிடி இல்லைத் தம்பி, நாங்கள் அண்டைக்குச் சீலையை வெட்டித் தைச்சுத்தான் மண்மூட்டை கட்டினனாங்கள்’ என்று ஒரு புதுக்குடியிருப்புத் தாய் சொல்லக் கேட்டால்தான் அடுத்த படம் தேறும். பங்கருக்கு மேல் அடுக்கக் கல்யாணச் சீலைகளைச் சாக்காகத் தைத்தவர்கள் அவர்கள். நான் பார்த்த பெரிய படங்கள் எதிலும் அந்தச் சீலைகள் இல்லை.

கையில் இருக்கும் பொருள்

வன்னிக்கு ஒரு கதை மரபு ஏற்கெனவே இருக்கிறது. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வாழும் ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்லும் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்து சாகித்தியப் பரிசு பெற்றது. செங்கை ஆழியான் வன்னியில் நிர்வாக அதிகாரியாக இருந்த அனுபவத்தோடு குடியேற்றத் திட்டங்களையும் காட்டையும் எழுதினார். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தும், 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனின் நினைவும் வன்னியாரின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. திரைப்படங்கள் இந்த மரபைத் தொடாமல், வன்னியின் வரலாறு 1990இல் தொடங்கி 2009இல் முடிந்ததுபோல நடந்துகொள்கின்றன. இரணைமடுவின் தண்ணீரையும் காடு வெட்டிக் கழனியாக்கிய பாட்டனையும் காட்டாமல், அந்த வயலை இழந்தவனின் துயரத்தை மட்டும் காட்டினால், இழந்தது எவ்வளவு என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

உலகில் இதற்கு வழிகாட்டிகள் உண்டு. குர்திய இயக்குநர் பஹ்மன் கோபாடி 2004இல் எடுத்த ‘ஆமைகளும் பறக்கும்’ படத்தில் கண்ணிவெடி பொறுக்கி விற்கும் பிள்ளைகளாக நடித்தவர்கள் கதை நடக்கும் குர்தியப் பகுதியின் பிள்ளைகளே. நாயகன் வந்து யாரையும் மீட்பதில்லை. கம்போடியாவின் ரித்தி பான், கெமர் ரூஜ் காலத்தில் தன் குடும்பம் அழிந்த கதைக்குப் படங்கள் இல்லாததால், களிமண் பொம்மைகளைச் செய்து 2013இல் ‘காணாமற்போன படம்’ எடுத்தார். அவர் படம் இல்லாத இடத்தில் பொம்மை வைத்தார். வன்னியின் நிலை நேர்மாறானது. கைத்தொலைபேசியில் எடுத்த காட்சிகள் நிறைய இருக்கின்றன. கல்லம் மக்ரேயின் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் 2013இல் அவற்றை உலகத்தின் முன் வைத்தது. குற்றத்தை நிறுவ அந்தக் காட்சிகள் அவசியம். இறந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல அவற்றால் முடியாது. அது புனைவுத் திரையின் கடமை, அந்தக் கடமை இன்னும் பாக்கி.

பெரிய நடிகரும் பெருந்தொகையும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. வன்னியில் வளர்ந்த ஒருவர் எழுத வேண்டும். எடுக்கிறவர் ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த ஊரில் இருக்க வேண்டும். எடுத்ததை முதலில் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் போட்டுக்காட்டி, சனம் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச திரைப்பட விழா போன்ற மேடைகள் வன்னிக்குள்ளும் நீள வேண்டும். மாவீரர் பாட்டுக்கும் மண்டப வாடகைக்கும் பணம் கொடுக்கும் புலம்பெயர் கைகள், ஒரு வன்னி இளைஞரின் இரண்டாண்டு எழுத்துக்கும் கொடுக்க வேண்டும்.

காலமும் காத்திருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் அமர்ந்தது 2017 பெப்ரவரி 20இல். அன்று கொட்டகையில் இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு தாயோடும் ஒரு வீடு, ஒரு வயல், ஒரு பிள்ளையின் குரல் பற்றிய அறிவு போகிறது. வன்னியைப் பற்றிய அடுத்த படம் எந்த விழாவுக்குப் போகும் என்பதல்ல இன்றைய கேள்வி. அந்தத் தாய்மார் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பார்த்து, ‘ஓம், இது எங்கட கதைதான்’ என்று ஒப்புக்கொள்ளும் படத்தை எடுக்கப்போகிறோமா என்பதே கேள்வி. அந்த ஒப்புதல் கிடைக்கும் வரை, எத்தனை விருது வாங்கினாலும் வன்னிப் படங்கள் பாதியில் நின்றவைதான்.